பதினைந்தாவது படுக்கை

காலையில் பதினான்கு அறைகளுக்கு விரிப்பு மாற்றுகிறேன்
கிரிஃபித் நகரத்து மோட்டலில்.
ஆரஞ்சு பறிக்க வருகிறவர்களும் லாரி ஓட்டிகளும்
விட்டுப்போகும் ஈரத்தை மோந்தே சொல்வேன்
எது வியர்வை, எது பியர், எது அழுகை என்று.
(அழுகைக்கு மணமில்லை. அது சும்மா சொன்னது.)

வீட்டுக்கு வந்தால்
பதினைந்தாவது படுக்கை காத்திருக்கிறது.
தகரக் கூரை, ஆறு கோழிகள்,
கீழே என்ன போடுவதென்று முடிவாகவில்லை.

வைக்கோல்தான், வேறென்ன, என்றார்
வேலிக்கு அந்தப் பக்கத்து செர்ஜியோ.
ஒரு கட்டும் தூக்கிப் போட்டார்.
மேலே பொன்.
எட்டாம் நாள் கிளறினால் கீழே
பூஞ்சை பிடித்த கறுப்புப் பாய்.
ஒவ்வொரு தண்டின் குழாய்க்குள்ளும்
வாடகை தராத ஒரு செள்ளுக் குடும்பம்.

மணல் போடு, சலித்து அள்ளலாம் என்றாள்
தீவனக் கடைப் பெண்.
ஜனவரி. நாற்பத்துநான்கு டிகிரி.
வாளி மணலை வெயிலில் வைத்துத் தொட்டுப் பார்த்தேன்.
கடலை வறுக்கலாம்.

தேவதாருச் சீவல் மூட்டையைப் பிரித்ததும்
கடையிலேயே கண்மூடி நின்றேன், அப்படியொரு வாசம்.
வேண்டாம், நமக்கு மணப்பது
கோழிக்கு நெஞ்சைக் கட்டும் என்று
அதே பெண் வாங்கி மறுபடி அடுக்கினாள்.
சணல் தண்டு இருக்கிறது,
கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை,
நன்றாய் உறிஞ்சும்.
ஒரு மூட்டைக்கு நான் ஐந்து அறை கூட்ட வேண்டும்.

அப்போதுதான் குகநேசன் சொன்னார்
காகிதம் இருக்கிறதே நம்மிடம்.

இருந்தது.
பதினொரு வருடக் காகிதம்.
வருந்துகிறோம், மேலும் ஆவணம் தேவை,
தற்காலிகம், மறுபடி தற்காலிகம்.
நிரந்தரம் மட்டும் தொலைபேசியில் வந்தது,
மடித்து வைக்க ஒரு தாள்கூட இல்லாமல்.
யாரோ வீட்டு வாசலில் ஏழு டாலருக்கு வாங்கிய
கிழிக்கும் இயந்திரத்தின் முன்னால்
இரவு ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தார்.
சூடேறி அது நின்றபோதெல்லாம்
விசிறினார், பிள்ளைக்கு விசிறுவதுபோல.

கோழிகளுக்குக் கால் வழுக்கியது.
மூன்றாம் நாள் எல்லாம் கூழ்,
அள்ளினால் அப்பமாய் வந்தது.
ஒரு முட்டையில் மட்டும் ஒரு துண்டு ஒட்டியிருந்தது,
எங்கள் கோப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம்.
நான் சுரண்டவில்லை.
கொதிநீரில் போட்டேன், தானாய்க் கழன்றது.
மிளகுத்தூள் தூவி அவர் தின்றார்.

பிறகு லீட்டன் ஆலையிலிருந்து உமி.
திரும்பும் வழியில் தார்ப்பாய் அவிழ்ந்து
கால்வாசி நெடுஞ்சாலைக்குப் போனது.
பின்னால் வந்தவன் விளக்கடித்து விளக்கடித்துத் திட்டினான்.
உமி தண்ணீரைக் குடிக்காது, இறங்க விட்டுவிடும்.
பைன் சீவல் குடிக்கும், விடாது.
இரண்டையும் கலந்து
நான்கு விரல் ஆழம் பரப்பினேன்.

பத்து நாள் கழித்து
மண்டியிட்டு உள்ளே தலையை நுழைத்தேன்,
கோழி மூச்சு விடும் உயரத்துக்கு.
நின்றுகொண்டு மோந்தால் தெரியாது.
இருபது எண்ணினேன்.
கண் எரியவில்லை. தொண்டை கரகரக்கவில்லை.
முழங்காலில் மட்டும் உமி குத்தியது.

ஐந்து கோழிகள் மரத்தண்டில் ஏறிவிட்டன.
கொண்டை கிழிந்த பழுப்புக் கோழி
மூலையில் எல்லாவற்றையும் காலால் தள்ளி,
தரை தெரியும்வரை தள்ளி,
வெறும் மண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்தது.

ஏழாம் அறையில் போன மாதம் ஒருவன் தங்கினான், ஆறு இரவு.
கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை.
தரையில் ஒரு தலையணை.
விரிப்பை மாற்றாமல் விடலாமா என்று
நான் யோசித்த ஒரே அறை.

மாற்றினேன்.