பூ மழைக்கு முன்

முன்னூற்று நாற்பத்தேழு.
அடுப்பைப் பற்றவைக்கும் முன்
போனைத் திறந்து பார்க்கிறேன்.
நேற்றும் அதே எண்.
போன வாரம் முன்னூற்று ஐம்பத்திரண்டு.
ஆக, யாரோ ஐந்து வீடுகளில்
தொட்டில் ஆடத் தொடங்கியிருக்கிறது.
சந்தோஷப்பட வேண்டும்.
படுகிறேன்,
பல் துலக்கி முடித்த பிறகு.

மூன்று வருடம் முன்னால்
சேலத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
வயிற்றைக் கலக்கிவிட்டிருக்க
எலுமிச்சம்பழத்தை மோந்தபடி
எங்கள் வீட்டுச் சன்னல்களை எண்ணினார்.
கிணற்றுக்கு மூடி உண்டா என்று கேட்டார்.
மறுநாளே செபஸ்தியான்
செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்
இரும்பு மூடி ஒன்றை
பஸ் கூரைமேல் ஏற்றிக் கொண்டுவந்தார்.
கிணறு மூடியிருக்கிறது.
தவறி விழத்தான் ஆள் இல்லை.

காத்திரு மகளே, அவர் நேரம் வேறு
என்கிறார் பங்குச் சாமியார்.
அவருக்கென்ன.
எனக்கு முப்பத்தெட்டு.
ஆண்டவரே, உம்மிடம் கேட்கிறேன்,
வயது ஏறினால் வரிசை மாறும் என்று
உமக்கு யாராவது சொன்னார்களா?

மார்ச் மாதம்.
காப்பிச் செடிகளில் மொட்டுகள்
ஏற்றாத மெழுகுவர்த்திகளாக
நிமிர்ந்து நிற்கின்றன, பல நாளாய்.
ஒரு மழை வேண்டும் அவற்றுக்கு,
ஒரே ஒரு நல்ல மழை.
எஸ்டேட் ரைட்டர் காலியான மழைமானியை
கவிழ்த்துப் பார்க்கிறார்.
பழனாயி சேர்வராயனுக்கு நேர்ந்திருக்கிறாள்.
நான் பூசைக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.
யார் சொல் முதலில் போய்ச் சேர்ந்தாலும்
நனையப்போவது ஒரே மலை.

போன வருடம் இதே மாதம்
செபஸ்தியானுக்குப் பொறுக்கவில்லை.
கொல்லையில் நிற்கும் நான்கு செடிகளுக்கு
துணி அலசி மிஞ்சிய தண்ணீரை
ஒரு நாள் விட்டு ஒரு நாள்
கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளித்தார்.
அதே வாரத்தில்தான்
அவர் சட்டைப்பையில் ஒரு பஸ் டிக்கெட்டும்
மடித்த காகிதத்தில் ஒரு போன் நம்பரும்.
பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
ஒரு ஆள் சொன்னானாம்:
வரிசை எதுக்கு சார்,
ரெண்டரை லட்சம், பத்து நாளில் கையில்.
யார் பிள்ளை என்று கேட்டாராம் இவர்.
அது உங்களுக்கு எதுக்கு என்றானாம்.

நான் திட்டவில்லை.
அந்த இரவு முழுக்க
அந்தப் பத்து நாளை எண்ணிப் பார்த்தவள் நான்தான்.
புதன்கிழமை வரும், என்றுகூட.

பிறகு கொல்லைச் செடிகள் பூத்தன.
வெள்ளையாய் அல்ல,
பச்சையாய், நகக்கண் அளவில்,
வாசனையே இல்லாத நட்சத்திரங்கள்.
ஒன்றுகூடக் காய் பிடிக்கவில்லை.
அரைத் தண்ணிக்கு இப்படித்தான் ஆகும்
என்றார் ரைட்டர், வெற்றிலை மென்றபடி.
செபஸ்தியான் வெகுநேரம் அங்கேயே நின்றார்.
காகிதம் அடுப்பில் எரிந்ததை
மறுநாள் சாம்பலில் பார்த்தேன்.
இதைப் பாடம் என்று சொல்லமாட்டேன்.
உம்மோடு எனக்கிருக்கும் சண்டை
இன்னும் தீரவில்லை.

இந்த வருட மழை
செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்தது.
தகரக் கூரைமேல் யாரோ
மூட்டை மூட்டையாய்ப் புளியங்கொட்டை கொட்டுவதுபோல.
நாங்கள் எழுந்து விளக்கைப் போடவில்லை.
பேசவும் இல்லை.
அவர் கை என் கையைத் தேடி
முதலில் போர்வையைப் பிடித்தது.

ஒன்பதாம் நாள் விடியலில்
மஞ்சக்குட்டைச் சரிவு முழுக்க வெள்ளை.
மூச்சுவிட்டாலே தொண்டையில் இனித்தது.
எந்தச் செடியும் முந்தவில்லை, பிந்தவில்லை.
பூத்ததிலிருந்து பழம் சிவக்க
இன்னும் எட்டு ஒன்பது மாதம்.
அதையும் யாராலும் முடுக்க முடியாது.

இன்னிக்கு எத்தனை? என்றாள் பழனாயி.
பார்க்கலை என்றேன்.
பொய்.
முன்னூற்று நாற்பத்தேழு.

சாயங்காலம்
மலைக்காற்றில் துருவேறிக் கிடந்த
உத்தரத்துக் கொக்கிக்கு
தேங்காயெண்ணெய் தடவினார் செபஸ்தியான்.
நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.