இடது மூலையில் இரண்டு எழுத்து

செவ்வாய்தோறும் உட்காருகிறேன்,
கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு மேலே
ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்.
வாடகை வாங்குவதில்லை கடைக்காரர்:
அவர் மச்சான் இன்னும் லே பக்கம் எங்கோ
கம்பளிக்குள் இருக்கிறான்.

ஆடி மாதம். காகிதம்
முந்தாநாள் அப்பளமாய்த் தொய்ந்து கிடக்கிறது.
டிஸ்சார்ஜ் புத்தகம், போர்டு நகல், நிராகரிப்புக் கடிதம்,
எதுவானாலும் குண்டு பல்பின் கீழே
கொஞ்சம் காயவைத்துத்தான் படிக்க முடியும்.
அதுவரை வர்க்கியும் டீயும்.

இன்றைக்கு ஹாலன்.
கட்டபெட்டுக்காரர், பீரங்கிப் படையில் பதினேழு வருஷம்.
போன வாரம் ரோட்டில் நடக்கையில்
முன்னால் நின்ற காட்டெருமை திடீரென்று ஒதுங்கியதாம்;
அது ஒதுங்கினால் நாமும் ஒதுங்கணும் என்று ஒதுங்கினாராம்;
முதுகை உரசிக்கொண்டு போனது டேங்கர் லாரி.
இதைக் கத்திச் சொல்கிறார், சிரித்துக்கொண்டு.
ஆதார் நகலெடுக்க வந்த பெண் திரும்பிப் பார்க்கிறாள்.

காது எப்போது போச்சு? எழுதிக் காட்டினேன்.
"மகாஜன் மணலில். ஒரே நாளில் இல்லை,
தவணை முறையில்."

போர்டு சொல்வது இது:
கேட்கும் திறன் குறைவு, இருபது சதவீதம், ஆயுளுக்கும்.
பணியால் நேர்ந்ததும் அல்ல;
பணியால் மோசமானதும் அல்ல.
"அப்போ யார் எடுத்துட்டுப் போனது சார்?
கரடியா?"

அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.
ஆங்கிலத்தில் எட்டே சொல்.
ராணுவ மருத்துவமனை ஒன்றில் ஒன்பது வருஷம்
போர்டு கிளார்க் நான்.
டாக்டர் நிமிராமல் தலையாட்டுவார்,
தட்டிவிட்டு அடுத்த தாளை ஏற்றுவேன்.
முழங்கால், முதுகெலும்பு, சர்க்கரை, தூக்கம் வராமை:
எல்லாவற்றுக்கும் அதே எட்டு.
விரல்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டதில்லை அவை.
நல்ல ஸ்பீடு என்று ஒரு தடவை பாராட்டுச் சீட்டும் கிடைத்தது.

மேல்முறையீடு எழுதுவது கஷ்டமில்லை.
சேர்ந்த அன்றைய சோதனை, பக்கம் மூன்று:
பதினெட்டு வயதுப் பையன் முதுகைக் காட்டி நின்றான்,
இருபதடி தள்ளி நின்று ஒருவர் கிசுகிசுத்தார்,
இரண்டு காதிலும் கேட்டது.
அவர்களே எழுதியது, அவர்கள் முத்திரை.
கேட்கிற காதோடு உள்ளே போனவன்
கேட்காத காதோடு வெளியே வந்தால்
நடுவில் நடந்ததற்குக் காரணம் எழுத வேண்டியது அவர்கள்.
எழுதவில்லை. கோடிட்ட இடம் காலி.
அதைச் சிவப்பில் சுற்றினேன்.

சுற்றும்போதுதான் தாள் காய்ந்து
ஓரம் நிமிர்ந்தது.
கீழே இடது மூலையில், சாய்கோட்டுக்குப் பின்,
தட்டச்சு செய்தவனின் முதலெழுத்துகள்:
சின்ன எஸ், சின்ன ஐ.
எஸ்ஸின் வயிறு அடைந்திருந்தது.
அந்த மெஷினில் எப்போதும் அடையும்,
ஊக்கு வைத்துக் குத்திக் குத்தி எடுப்பேன்.

ஹாலன் கையெழுத்துப் போட்டார், மூன்று நகலிலும்.
காசு வேண்டாம் என்று கத்தினேன்.
அது மட்டும் சுத்தமாகக் கேட்கவில்லை போல;
மேசைமேல் மண்ணோடு பீட்ரூட் வைத்துவிட்டு எழுந்தார்.
வாசலில் பனிமூட்டம். அவர் முதுகு.
இருபதடி இருக்கும்.
நான்தான், என்றேன் கிசுகிசுப்பாக.
அதைத் தட்டினது நான்தான்.

கட்டபெட்டு பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

அடுத்த செவ்வாய் எழுதிக் காட்ட வேண்டும்.
எட்டு சொல்லெல்லாம் ஆகாது.

செபமாலை உள்ளே வந்து, மடங்காத காலை நீட்டி உட்கார்கிறார்.
அவர் தாளையும் பல்பின் கீழே விரிக்கிறேன்.
முதலில் இடது மூலை.