சம்பாவ்

மருந்து டின்னில் எழுதியிருக்கிறது:
ஓராண்டுப் புல்லுக்கு.
குளிர் போய் மண் சூடேறும் வாரத்தில்
விதை கண் திறக்குமுன் தெளிக்கவும்.

எந்தக் குளிர்?
பகாவில் மண் எப்போது ஆறியிருக்கிறது
இப்போது சூடேற?
ஜனவரியில் முளைத்தது மார்ச்சில் விதைக்கும்.
மார்ச் விதை மே மாதம் தாயாகும்.
ஆண்டு என்பது இந்தப் புல்லுக்கு
யாரோ வெளியூரில் வைத்த பேர்.

ஆ கியோங் கடையில் சொன்னேன்.
மழைக்கு ரெண்டு நாள் முன்னால் அடி என்றார்.
மழை உங்களிடம் சொல்லிவிட்டா வருகிறது?
கல்லாவைத் தட்டி மீதி மூன்று வெள்ளி தந்தார்.

அடித்தேன்.
பதினாறு லிட்டர் முதுகில்,
கிளப் திடலின் மேற்குக் கோடியிலிருந்து
கயிறு கட்டி, காலால் அளந்து,
ஒரு பட்டை விடாமல்.
புதிதாக முளைக்கவில்லை, அதை மறுக்க மாட்டேன்.
முளைத்து நின்றதற்கு வேறு மருந்து.
அதற்குப் பெர்முடா மஞ்சளித்து, பிறகு தேறியது.
சம்பாவ்
நனைந்த கோழி மாதிரி ஒரு தரம் சிலிர்த்துவிட்டு
வெள்ளைத் தண்டோடு உட்கார்ந்திருந்தது.
செம்பனைக் காட்டில் இருபது வருஷம்
நாங்கள் அடித்ததையெல்லாம்
குடித்துப் பழகிய வம்சம்.

பதினெட்டாம் தேதி விருந்து.
கம்பளம் மாதிரி இருக்கணும் என்றார் ரஸ்லான்.
கத்தியோடு குந்தினேன்.

குந்தினால்தான் தெரிகிறது,
அது திடல் முழுக்க இல்லை.
ஒரே கோடு.
வேலிக் கிழிசலில் தொடங்கி
கொடிக்கம்பத்துக்கு இடப்பக்கம் வளைந்து
பஸ் நிற்கும் இடம் வரை.

ஆறு மணி பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடுகிறவர்களின் கோடு.
கையுறைத் தொழிற்சாலை முதல் ஷிப்டு,
ரஃபிகுல், அவன் அறைக்காரர்கள்,
நர்சரி வேலைக்குப் போகும் பவளக்கொடி அக்கா.
மிதித்து மிதித்து இறுகிய மண்ணில்
பெர்முடாவுக்கு மூச்சு முட்டும்.
சம்பாவுக்கு அது மெத்தை.

ஏன் அங்கே மட்டும் என்று கேட்டார்.
மண் இறுக்கம், சார்.
வேலியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிடுங்கியதைச் சாக்கில் திணிக்கையில்
கதிர் கையில் விரிந்தது.
நாலு விரல் மேலே, ஒன்று மட்டும் கீழே தள்ளி,
கட்டைவிரல் மாதிரி.
கேழ்வரகுக்குப் பங்காளி.
பாகப்பிரிவினையில்
கூழ்ப்பானை அதற்குப் போனது,
சாக்கு இதற்கு.

புல்வெட்டும் மெஷினைக் கவிழ்த்துத் தண்ணீர் பீய்ச்சினேன்.
திங்கள் தமிழ்ப்பள்ளி, செவ்வாய் போலீஸ் நிலையம்,
புதன் கிளப்.
தகட்டடியிலிருந்து
கறுப்பாய், கடுகைவிடச் சிறியதாய்,
உதிர்ந்துகொண்டே இருந்தது.
மூன்று திடலுக்கும் விதைத்தது யாரென்று
நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

பிறகு கோடு நெடுக
முள்கரண்டியால் குத்தி மண்ணை நெகிழ்த்தினேன்.
வெட்டுக்கத்தியை ஒரு துளை உயர்த்தினேன்.
புல் கொஞ்சம் நெடுக நின்றால்
அதன் நிழலில் விதைக்கு விடியாது;
இது டின்னில் இல்லை.
ஆற்று மணல் இரண்டு வண்டி பரப்பி
துடைப்பத்தால் வழித்துவிட்டேன்.
சாயங்கால வெயிலில்
தேய்த்து மடித்த வேட்டி.

மறுநாள் வியாழன், எனக்குக் கோலாப்பிலா வேலை.
கிழிசலில் தலை குனிந்து நுழைந்தபோது
மணலில் அதற்குள்
முப்பது சொச்சம் செருப்புத் தடம்.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு.
பஸ் விளக்கு திரும்புவது தெரிந்தது.
சுற்றிப் போக நேரமில்லை.
ஓடினேன்.