கெண்டை

எப்பலாக் நீர்த்தேக்கம், ஞாயிறு.
வேகப்படகு ஒன்று
தண்ணீரைக் கிழித்துக் கிழித்துத் தைக்கிறது.
சோளமணி கோத்த தூண்டிலில் முதல் இழுப்பு.

“கார்ப்,” என்றார் ரஸ்ஸல்
பக்கத்து மடக்கு நாற்காலியில்,
பியரைக் கீழே வைக்காமலே.
“திரும்ப விடக்கூடாது, சட்டம்.
எங்கிருந்தோ வந்தது,
ஏரியையே சேறாக்கிவிடும்.”

கெண்டையே,
எத்தனை பாட்டில் எத்தனை பெண்களுக்குக்
கண்ணாக இருந்தாய்!
இங்கே உன் படம்
குப்பைத்தொட்டிக்கு மேலே, பலகையில்.

கைக்குள் அரைக் கிலோ துடிப்பு.
சட்டைப்பையில் நனைகிறது
என் மூன்று நாள் உரிமச் சீட்டு.
ரஸ்ஸல் திரும்பிப் பார்க்காத நேரம்
வரவேயில்லை.

இரவு, மஞ்சள் தடவிக்கொண்டே
சுகிர்தா கேட்டாள்,
“என்ன மீன் இது?”

“இந்த ஊர் மீன்தான்,” என்றேன்.