ஒத்தக்காசு

ஐந்து வயதில் நான் ராணியை விழுங்கினேன்.
மூலை மழுங்கிய சதுரச் செப்புக்காசு.
ஒரு பக்கம் ஒன்று,
மறுபக்கம் கிரீடம் வைத்த பெண்.
சுதந்திரம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது,
காசுக்கு அது இன்னும் தெரியாது.

டிரஸ்ஸர் சாக்கோ என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.
"பழம் கொடு, தானே இறங்கிவரும்."
மூன்று காலை அம்மா குச்சியோடு குந்தியிருந்தாள்.
நாலாம் காலை பெரட்டுக்கு மணி அடித்துவிட்டது,
என்னையும் குச்சியையும்
ஆயாக்கொட்டகை அங்கம்மாவிடம் விட்டுப் போனாள்.

சாயங்காலம் அங்கம்மா வாய் சிவந்திருந்தது.
"வரவே இல்லையே" என்றாள்.
ஒரு காசுக்கு எத்தனை வெற்றிலை வரும் என்று
ஆறாங்கட்டைத் தோட்டம் இரண்டு கட்சியானது.
அம்மா அவளோடு பேச்சை விட்டாள்.
காசுக்காக இல்லை என்று
சாகும்வரை சொன்னாள்.

அதற்குப் பிறகு என் பெயர் ஒத்தக்காசு.
காத்தையா என்பது செக்ரோலில் மட்டும்.
அறுபத்திரண்டில் வட்டக்காசு வந்தது,
அவள் முகம் இருந்த இடத்தில் இரண்டு கெரிஸ்.
பையன்கள் என் தொப்புளைத் தட்டிச் சொல்வார்கள்:
"இதுக்குள்ள மட்டும்தான்டா இன்னும் வெள்ளைக்காரன்."

எழுபதில் பெர்மிட் கேட்டார்கள்.
எங்கே பிறந்தாய்?
ஆறாங்கட்டையில்.
சூராட் எங்கே?
கிராணி எழுதாமல் விட்ட சூராட்.
சாட்சி சொல்ல இருந்த கங்காணி
கப்பலேறிவிட்டார்.
சிவப்புக் கார்டு ஒன்று கொடுத்தார்கள்.

எழுபத்திரண்டில் அவள் வந்தாள், கோலாலம்பூருக்கு.
வரவேற்பு, வரவேற்பு என்றது ரேடியோ.
நான் தெலுக் இந்தானில்
பெர்மிட் புதுப்பிக்கும் வரிசையில் நின்றேன்,
பசியாறாத வயிறு இரைந்தது.
சும்மா இரு என்றேன்.
இங்கே உனக்கும் சூராட் கிடையாது.

அவள் மகன் கல்யாணத்தைத்
தோட்ட மண்டபத்து டிவியில் பார்த்தோம்.
"மாமியார் மூஞ்சி எங்கயும் இதேதான்" என்றாள் மரகதம்.
பதினாறு வருடம் கழித்து
அந்த மருமகள் காரில் செத்தபோது
ராணி அழவில்லை என்று உலகமே கோபித்தது.
மரகதம் கோபிக்கவில்லை.
அந்த வருடம்தான் எங்கள் பெரியவளை
ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கொண்டுவந்தோம்.
எட்டாம் நாள் இவள் கோணியை எடுத்துக்கொண்டு
செம்பனைக்கு உதிரிப்பழம் பொறுக்கப் போனாள்.

வெளியே இருந்தவளுக்கு
தபால்தலைக்குத் தபால்தலை கன்னம் தொங்கியது.
உள்ளே இருந்தவள் இருபத்தேழிலேயே இருந்தாள்,
இருந்திருந்தால்.

போன வருடம் இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள்.
கொஞ்சம் கீழேயும் பாரம்மா என்றேன்.
"நெஞ்சுக்குத்தான் எழுதியிருக்கு, பாக்சிக்."
கவுண்டரில் சிவப்புக் கார்டுக்கு வேறு கட்டணம்.
நோட்டு நோட்டாக எண்ணி வைத்தேன்.

அவள் போன காலை
ஊத்தான் மெலிந்தாங் ஆ லியோங் கடையில்
டிவி ஓடிக்கொண்டிருந்தது.
நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.
லோரிக்காரன், லாட்டரி விற்கிற கிழவன், ஆ லியோங் மகன்,
எல்லாரும் டிவியை விட்டு
என் வயிற்றைப் பார்த்தார்கள்.
"ஒத்தக்காசு, இன்னைக்குக் காப்பி என் கணக்கு" என்றான் லோரிக்காரன்.
"சாவு வீட்டுக்காரன் நீதானே."
சிரித்தார்கள்.
நானும் சிரித்திருக்க வேண்டும்.

எழுபது வருடம்.
எந்தக் கவுண்டரிலும் யாரும் அவளிடம்
நீ எந்த நாடு என்று கேட்டிருக்க மாட்டார்கள்.
இத்தனைக்கும் அவளை நான்தான் வைத்திருந்தேன்.
என்னை யார் வைத்திருந்தார்கள் என்று
காப்பி ஆறும்வரை யோசித்தேன்.

அங்கம்மாவிடம் ஒருமுறை
நேரிலேயே கேட்டிருக்கலாம்.
எண்பத்தாறிலேயே போய்விட்டாள்,
வெற்றிலைப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு.

ரொட்டிக்கு மட்டும் நான் கொடுத்தேன்.
மீதி இருபது காசு வந்தது.
ஒரு காசை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்,
இருந்தாலும் திருப்பிப் பார்த்தேன்.
முகம் எதுவும் இல்லை.
பையில் போட்டுக்கொண்டு
சைக்கிளை எடுத்தேன்.