மூன்றாம் சிலிண்டர்

பத்து மாவுங்கில் நீர் வற்றிய நேரம்.
சைடினின் படகு ஒரு பக்கம் சாய்ந்து
சேற்றில் உட்கார்ந்திருக்கிறது.
தலைக்கு மேலே ஒரு விமானம்
சக்கரங்களை நீட்டியபடி பாயான் லெப்பாஸில் இறங்குகிறது.
அது போகும்வரை நாங்கள் பேசுவதில்லை.
இங்கே எல்லோருக்கும் அது பழக்கம்.

"கறுப்புப் புகை," என்கிறார்.
"நாலு வருஷமாகக் கறுப்புப் புகை.
பூன் ஹோக் டீசலில் தண்ணீர் கலக்கிறான்."

தண்ணீர் கலந்தால் புகை வெளுக்கும்.
நான் சொல்லவில்லை.
இப்போது அவர் கெர்த்தாக் சங்குல் வரை போய்
ட்ரம்மில் வாங்கி வருகிறார்.
ஒரே ஜெட்டி, ஒரே கோப்பிக் கடை,
இருவருக்கும் வேறு வேறு மேசை.

நேற்று மாலையே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருந்தேன்.
முதலாவது வந்தது. இரண்டாவது, நான்காவது,
கொஞ்சம் முனகிக்கொண்டு வந்தன.
மூன்றாவது வரவில்லை.
இழுப்பானை மாட்டி ஒரு தட்டு,
ஒரு வசவு, இன்னொரு தட்டு;
பல் பிடுங்கியதுபோல் கையோடு வந்தது.

திறந்த குழாய் வாய்களுக்கெல்லாம்
பிளாஸ்டிக் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன்.
ஒரு மணல் துகள் போதும்.
தலைமுடி ஒன்றை இருபதாகப் பிளந்தால்
அதில் ஒரு பிளவு அளவு இடைவெளியில்
ஏறி இறங்குகிறது ஊசி.
டீசலில் கழுவி அதனதன் கூட்டில் திரும்ப விட்டேன்.
தன் எடையில் தானே நழுவி இறங்க வேண்டும்,
தள்ளக் கூடாது.

கைப்பம்பில் பூட்டி அழுத்தினேன்.
முள் இருநூறைத் தொட்டதும்
பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம்,
அட்டையில் வட்டமாக ஈர மூட்டம்.
தொட்டுப் பார்க்க நீண்ட சைடினின் விரலைத்
தட்டிவிட்டேன். அந்த மூட்டம் தோலைத் துளைக்கும்,
பிறகு கையே போகும்.

முதலாவது நன்று.
இரண்டாவதற்கு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் திருகினேன்.
நான்காவது சொட்டியது, நாசில் மாற்றினேன்.
மூன்றாவது
எல்லாவற்றையும்விட அழகாகத் தெளித்தது.

அப்படியானால்?

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
மூன்றாவது குழிக்குள் பார்த்தேன்.
அடியில், கரியோடு கரியாக, ஒரு செப்பு வாஷர்.
என் கையிலிருக்கும் இன்ஜெக்டரின் காலில் இன்னொன்று.
யாரோ பழையதை எடுக்க மறந்து
புதியதை அதன்மேல் வைத்து இறுக்கியிருக்கிறார்.
ஒரு வாஷரின் தடிப்பு அளவுக்கு உயர்ந்து நின்று
தவறான இடத்தில்
சரியாகத் தெளித்திருக்கிறது இத்தனை நாளும்.

யாரோ.
சுக்கான் பக்கத்துப் பெட்டியில்
பிளாஸ்டிக் உறைக்குள் பழைய பில்.
நான்கு வாஷர், கூலி, மொத்தம்,
கீழே சாய்வாக: ஜெயசுதா.
அன்று மழை வந்து அவசரப்பட்டதாக நினைவு.
மழையே வராததாகவும் நினைவு.

சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.
சேற்றில் எறிந்தால் சத்தம்கூட வராது.
மேலே இன்னொரு விமானம்.
அது கடக்கும்வரை யாரும் பேச வேண்டியதில்லை.

கடந்துவிட்டது.

உள்ளங்கையில் இரண்டையும் வைத்து நீட்டினேன்.
"சாயா பூஞ்யா சாலா," என்றேன்.
தமிழிலும் என் தப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்,
அவருக்குப் புரியாத மொழியில் சொல்வது
சொல்லாமல் இருப்பதுபோல.

அவர் வாஷர்களைப் பார்த்தார்.
பிறகு ஜெட்டியின் கோடியில்
ட்ரம் உருட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தார்.
"நாலு வருஷம்," என்றார் மறுபடி,
இந்த முறை வேறு குரலில்.

குழியைச் சுரண்டித் துடைத்தேன்,
விரலை விட்டு இரண்டு தரம் தடவிப் பார்த்தேன்.
நீர் ஏறிப் படகு நிமிர்ந்ததும்
நட்டுகளைத் தளர்த்தி, காற்று குமிழ்ந்து தீர்ந்ததும் முறுக்கினேன்.
எஞ்சின் இருமியது. ஒரு கறுப்பு உருண்டை.
அப்புறம் குழாயின் மேலே
காற்று நடுங்கியது மட்டும்.

நாசிலுக்கு மட்டும் பணம் வாங்கினேன்.
பூன் ஹோக்கிடம் யார் போவது என்று
நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார்.
கால்வாசிதான் இருந்தது.