அறை பதினான்கு, கீழ்க்கட்டில்

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
நாளுக்கு மூன்று ஷிப்ட், இருபத்தெட்டு நாள்.
பெருக்கினால் பதினேழாயிரத்து எண்ணூற்றெட்டு கட்டங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒன்று, இல்லையேல் பூஜ்யம்.
ஒன்று என்றால் ஆள் வேலையில் நிற்கிறான்.
பூஜ்யம் என்றால் எங்கோ இருக்கிறான்.
எங்கே என்பது என் கணக்கில் இல்லை.

ஷார்ஜா விமான நிலையத்துக்குப் பின்னால்
சாப்பாட்டுத் தட்டு கழுவும் கம்பெனி.
விமானங்கள் இரவிலும் இறங்குகின்றன,
தட்டுகள் இரவிலும் வருகின்றன.
யார் எப்போது தூங்கலாம் என்று
ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுவது நான்.

மீறக்கூடாத விதிகள் கொஞ்சம்:
ஷிப்ட் முடிந்தால் பதினொரு மணி நேரம் ஓய்வு,
ஏழு நாளில் ஒரு விடுப்பு,
கொதிநீர் மெஷின் பக்கம் பழகிய கை இரண்டாவது.
மீறலாம், அபராதம் உண்டு என்பவை வேறு:
தொடர்ந்து ஆறு இரவு போட்டால் ஐந்து.
கேட்ட நாளில் விடுப்பு மறுத்தால் மூன்று.
ஏன் மூன்று?
ஒரு செவ்வாய் மாலை, டீ ஆறிக்கொண்டிருந்தது,
மூன்று என்று தட்டினேன்.
மரிசெல்லின் மகளுக்கு முதல் நன்மை வாங்கும் நாள்: மூன்று.
கமால் பாட்சாவின் தங்கை நிக்காஹ்: அதுவும் மூன்று.

ஓவர்டைமுக்குத்தான் எடை அதிகம்.
நான் குறைக்கப் பார்க்கும் அதே எண்ணைத்தான்
அவர்கள் கூட்டப் பார்க்கிறார்கள்.

நாற்பது நிமிடம் மெஷின் முனகும்.
பிறகு ஒரு வரி சொல்லும்:
இதைவிட நல்ல விடை இருக்கலாம்,
இருந்தாலும் நூற்றுக்கு முக்கால் பங்குக்கு மேல்
நல்லதாக இருக்க வழியில்லை.
நிரூபணத்தோடு சொல்லும்.
என் கல்யாணத்தின்போது யாரும்
இப்படி ஒரு சீட்டு எழுதித் தரவில்லை.

மூன்றாம் மாதம் ஓவர்டைம் நூற்றுக்குப் பதினொன்று குறைந்தது.
மேனேஜர் குனாஃபா வாங்கி வைத்தார்.
மறுநாள் காலை என் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால்
இரண்டு பேர்.
சவேரிமுத்து, மூன்று வருடமாக இரவு ஷிப்ட்.
பிஷ்ணு தாபா, மூன்று வருடமாகப் பகல்.
இருவரையும் பகலில் போட்டிருந்தேன்.
அதனால் என்ன என்றேன்.
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கட்டில் ஒன்று.
அவன் எழுந்த சூட்டில் இவன் படுப்பான்.
அவன் எண்ணெய் இவன் தலையணையில்,
இவன் தைலம் அவன் போர்வையில்.
முகம் பார்த்தது நேற்றிரவுதான்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
செருப்பைக் கழற்றியபோது.
விரிப்புக்கடியில் எப்போதோ கிடைத்த
வேளாங்கண்ணி மாதா பதக்கத்தை
பிஷ்ணு அப்போதுதான் திருப்பிக் கொடுத்தானாம்.

பூஜ்யம் எங்கே படுக்கிறது என்று அன்று தெரிந்தது.

கேம்ப் பதிவேட்டில் ஆளுக்கொரு கட்டில்.
பதிவேட்டை மூடிவிட்டு மெதுவாக விசாரித்தேன்.
முப்பத்தொரு ஜோடி.
முப்பத்தொரு வரி எழுதினேன்:
ஒரே ஷிப்டில் இவரையும் அவரையும் கூட்டினால்
ஒன்றைத் தாண்டக்கூடாது.
செலவு கொஞ்சம் ஏறியது.
மேனேஜர் திரையில் விரல் வைத்து
இது என்ன புது நிபந்தனை என்றார்.
பஸ் விஷயம் சார் என்றேன்.
தலையாட்டினார். பஸ் என்றால் அவருக்குப் புரியும்.

எல்லாம் பொருந்திவிட்டது.
அவர்கள் இனி பார்த்துக்கொள்ள மாட்டார்கள்
என்பதுதான் பொருந்தியதன் பொருள்.

போன வாரம் சவேரிமுத்து மட்டும் வந்தான்.
அடுத்த மாதம் ஒரு வெள்ளி,
ஒரே ஒரு வெள்ளி,
எனக்கும் பிஷ்ணுவுக்கும் சேர்த்து லீவு போடுங்க மேடம்.
கட்டில் ஒண்ணுதானே என்றேன்.
அன்னைக்கு யாரும் தூங்கப் போறதில்ல மேடம்,
கோர்ஃபக்கானுக்குப் போறோம்,
அவன் கடல்ல இறங்கினதே இல்லையாம்.

மறுத்தால் மூன்று.
அந்த மூன்றை அழித்துவிட்டு
விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறேன்,
என்ன எண் போடுவது என்று தெரியாமல்.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது.